மறுக்காச் சொல்லுங்க

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருந்தார். அவரிடம் எதையும் ஒரே தடவையில் சொல்லி முடித்தவர்கள் கிடையாது. பால்காரர் வண்டியை அணைக்காமலே, "நாளைக்கு வரமாட்டனுங்க, கெடா வெட்டுக்குப் போறேன்" என்பார். அந்த அம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "மறுக்காச் சொல்லுங்க" என்பார். மறுக்கா என்றால் மறுபடி. பால்காரர் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி சொல்வார். இரண்டாவது தடவை சொல்லும்போது எந்தக் கோயில், யார் வீட்டு நேர்த்திக்கடன், கெடாவை எங்கே வாங்கினார்கள் என்பதெல்லாம் சேர்ந்து வரும். ரேஷன் கடைக்காரர், வரி வசூலிக்க வருகிறவர், மீன் வண்டிக்காரர் எல்லோருக்கும் இதே கதிதான்.

தறிக் காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மங்கலத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இருபது வருடம் விசைத்தறிக் கொட்டகையில் நின்றவர்களோடு பேசும்போது நாங்களாகவே குரலை உயர்த்திவிடுவோம். அவரும் கணவரும் சேர்ந்து முப்பது வருடம் தறி ஓட்டியவர்கள். காது போயிருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு வந்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்கு நேர் எதிர் வீடு என்னுடையது. ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதியே பழகிய கை. அதனால் நாட்குறிப்பை மட்டும் விடவில்லை. மனைவி இறந்த பிறகு நானே சமைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு காலையில் எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்ண்ணா, நாலு விசில் ஆச்சு. பருப்பு அடி புடிச்சுருமுங்க."

நான் ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். என் வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தெருவில் நூல் ஏற்றிய டெம்போ ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. இத்தனையையும் தாண்டி என் குக்கரின் விசிலை எண்ணியவருக்கு, மூன்றடி தூரத்தில் நிற்கும் பால்காரர் சொல்வது எப்படிக் கேட்காமல் போகும்? "எதிர்வீட்டு அம்மாள் எச்சரித்தார். பருப்பு தப்பியது" என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் யோசித்ததாகக் குறிப்பில் இல்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கே அது அதிகம் புழங்காத பெயர். தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் "அம்மிணி" என்பேன். போன மார்கழியில் போய்விட்டார். இப்போது அந்த வீட்டில் வடநாட்டுத் தொழிலாளர்கள் நான்கு பேர் குடியிருக்கிறார்கள். வேலை முடிந்து வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, ஊரில் இருப்பவர்களோடு உரக்கப் பேசுகிறார்கள். மொழி புரியவில்லை. ஆனால் ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. அதைக் கேட்கும்போதுதான் இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவருக்கு ஒரே மகன். வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் தையல் வேலை பார்த்தபோது, அங்கேயே வேலை செய்த தெற்கத்திப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அப்பா உள்ளே விடவில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். மகன் அவரைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். எதிர்த் திட்டில் நின்ற எனக்கே அது தெளிவாகக் கேட்டது. அவரிடமிருந்து பதில் வரவில்லை. மகன் இன்னொரு தடவை கேட்கவும் இல்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு தெரிந்தது. அப்பா இறந்தபோது வந்தார், கொள்ளி வைத்தார், மூன்றாம் நாள் போனார். அதற்குப் பிறகு போக்குவரத்து இல்லை.

கணவர் போன பின் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுக் கடனை அடைத்தார். வீட்டிலிருந்தே பிசிறு வெட்டும் வேலைக்கு மாறினார். தைத்து முடித்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் வெட்டித் தரும் வேலை. கட்டுக்கட்டாக வேன் வந்து போட்டுவிட்டுப் போகும். சனிக்கிழமை கையில் காசு பற்றாதபோது காண்ட்ராக்டரிடம் முன்பணம் கேட்பார். அவன் கொடுப்பான், கூடவே இரண்டு கட்டுகளையும் அதிகமாக இறக்கிவிட்டுப் போவான். கண் எரிய எரிய ஞாயிற்றுக்கிழமையும் வெட்டிக்கொண்டிருப்பார்.

பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை என்று அரசு அறிவித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மனு வாங்கும் முகாம் போட்டார்கள். மனு நிரப்பித் தருவதற்கு நானும் போய் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மனுவில் போன் எண் என்ற இடம் வந்தது. அவரிடம் போன் கிடையாது.

"யார் நெம்பராச்சும் குடு அம்மிணி. எழுதாம விட்டா வாங்கமாட்டாங்க."

அவர் சுவரைப் பார்த்தபடி பத்து எண்களையும் நிறுத்தாமல் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"யாருது இது?"

"என்ற பையனுதுங்க. அது ஒண்ணுதானுங்க எனக்குத் தெரியும்."

அப்பாவின் சாவுக்கு வந்தபோது மகன் யாரிடமோ தன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் நின்று ஒரு தடவை கேட்டது. அதன் பிறகு அந்த எண்ணுக்கு ஒருநாளும் அவர் கூப்பிட்டதில்லை. நான் எழுதினேன். வங்கிக் கணக்கிலும் அதே எண்ணைப் பதிந்தார்கள்.

முதல் பணம் செப்டம்பர் பதினைந்தாம் தேதி வந்தது. முற்பகலில் என் போன் அடித்தது.

"மாமா, நான் எதுத்த ஊட்டுப் பையன் பேசறனுங்க. அம்மா பேருக்கு பேங்க்குல ஆயிரம் ஏறியிருக்குதுன்னு எனக்கு மெசேஜ் வந்திருக்குதுங்க. என் நெம்பரு எப்படிங்க போச்சு?"

"உங்கம்மாதான் குடுத்தாங்க."

"செரிங்க. அம்மாகிட்டச் சொல்லிருங்க."

"நீயே சொல்லுப்பா, இரு" என்று போனோடு தெருவைத் தாண்டினேன். அவர் மடியிலிருந்த பனியன்களை ஒதுக்கிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஆரு?... ம்... மறுக்காச் சொல்லு... எத்தன?... மறுக்கா... செரி."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆயிரம் வந்திருக்குதாமுங்க" என்றார். கத்தரியை எடுத்தவர் நெடுநேரம் ஒரு நூலையும் வெட்டவில்லை. என் போனில் பேச்சு நேரம் நாற்பத்திரண்டு விநாடி என்று காட்டியது. வழக்கப்படி குறித்துக்கொண்டேன்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை. பதினைந்தாம் தேதி காலையில் தலைவாரி, வேறு சேலை மாற்றி வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் குளிக்கப் போகும்போது, "போனை உள்ள எடுத்துட்டுப் போயிராதீங்ண்ணா" என்பார். பொங்கலை ஒட்டிப் பணம் சில நாள் முன்னதாகவே வந்துவிட்டது. அழைப்பும் முன்னதாகவே வந்தது. அவர் கடலைக்காட்டில் களை வெட்டப் போயிருந்தார். நான் அங்கேயே நடந்துபோய்க் கொடுத்தேன். மண் கையோடு போனை வாங்கியவர், "இன்னைக்கு என்ன தேதி, நேரங்காலமில்லாம?" என்று மகனை அதட்டினார். பிறகு, "மறுக்காச் சொல்லு" என்றார். நாற்பத்திரண்டு விநாடி இரண்டு நிமிடமானது. பேத்தி ஒருத்தி இருப்பது பிப்ரவரியில் தெரிந்தது. பல் முளைத்தது மார்ச்சில். மருமகளைப் பற்றி நேரடியாக ஒன்றும் கேட்கமாட்டார். "ஊட்ல சோறு ஆரு ஆக்கறா?" என்பார். அந்தப் பக்கம் பதில் வரும். "மறுக்காச் சொல்லு" என்பார்.

ஆயிரம் ரூபாயால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூட்டு வலி மாத்திரையை ஐந்து ஐந்தாக வெட்டி வாங்கிக்கொண்டிருந்தவர் முழு அட்டையாக வாங்கினார். காண்ட்ராக்டர் ஒரு சனிக்கிழமை, "என்னக்கா, முன்பணம் வேண்டாமா?" என்று கேட்டான். "வேண்டாமுங்க. கட்டும் ரெண்டு கொறச்சே போடுங்க" என்றார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதைப் பார்த்தேன். அன்றுதான், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, ஞாயிற்றுக்கிழமை அவர் கத்தரியைத் தொடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மகன் சொல்லாமல் அந்தப் பணத்தை எடுக்கமாட்டார்.

ஆனியில் ஒரு தடவை பதினைந்து தாண்டி ஆறு நாளாகியும் அழைப்பு வரவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது. முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"பணம் கட்டாயம் வந்திருக்கும் அம்மிணி. எல்லாருக்கும் வந்திருச்சு. போயி எடுத்துட்டு வா."

"அவன் சொல்லலீங்களே."

"அவன் சொன்னாத்தான் பணமா?"

"சொல்லட்டுமுங்க."

ஏழாம் நாள், பனியன் கட்டைத் தூக்கிக்கொண்டு வேன் வரை போனவர் முட்டி மடங்கித் தெருவில் விழுந்தார். எட்டாம் நாள் மகன் கூப்பிட்டார். போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாராம். எனக்குக் கோபம். கணக்கில் பணம் இருக்கிறது, இவர் மாத்திரையில்லாமல் விழுகிறார், நடுவே எங்கோ ஒரு கொப்பரைக் களத்தில் இருக்கும் ஒருவரின் வாய்ச்சொல். கம்பெனியில் இப்படி ஒரு கோளாறு இருந்திருந்தால் அன்றே சரிசெய்திருப்பேன்.

இங்கேயும் சரிசெய்தேன். என்னிடம் சும்மா கிடந்த பொத்தான் போனுக்குப் புது சிம் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அடுத்த வாரம் சமுதாயக் கூடத்தில் வங்கிக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது கூட்டிக்கொண்டு போனேன்.

"உன்னோட நெம்பரையே போட்ரலாம். இனிமே உனக்கே மெசேஜ் வரும். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மறுக்காச் சொல்லுங்க."

நான் அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் செரிங்ண்ணா" என்று பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். "இன்று ஒரு உருப்படியான வேலை" என்று எழுதியிருக்கிறேன். தேதியும் இருக்கிறது. அதை இங்கே எடுத்தெழுத மனமில்லை.

அடுத்த பதினைந்தாம் தேதி அவருடைய போனே கூவியது. எடுத்துக்கொண்டு வந்தார். தலை வாரி, சேலை மாற்றித்தான் இருந்தார்.

"என்ன எழுதியிருக்குதுங்க?"

படித்துச் சொன்னேன்.

"மறுக்காப் படிங்க."

படித்தேன்.

"இதுல ஆரும் பேசமாட்டாங்களா?"

"இது வெறும் எழுத்து அம்மிணி. பேசாது."

"அதானுங்க" என்று போனை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்றே மாத்திரை வாங்கிவிட்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பால்காரர் என் வாசலில் நின்று சிரித்தார். "ஏனுங்க, எதுத்தூட்டு அம்மாவுக்கு இப்பக் காது நல்லாக் கேக்குதாட்டக்குது? ஒருக்காச் சொன்னாப் போதும், செரின்னு உள்ள போயிர்றாங்க. எந்த டாக்டருங்க?"

நானும் சிரித்தேன். அவர் போன பிறகு உள்ளே வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். ஆடியிலிருந்து அந்த வீட்டுக்கு ஓர் அழைப்பும் இல்லை. என் போனிலும் இல்லை. அவர் போனில் வங்கியின் எழுத்துகள் மட்டும். குக்கர் விசிலைப் பற்றிய பழைய குறிப்பும் கண்ணில் பட்டது. புத்தகத்தை மூடினேன்.

மகனைக் கூப்பிட்டேன்.

"ஏப்பா, அம்மாகிட்டப் பேசறதேயில்லையா?"

"அம்மாதான் என் நெம்பர எடுத்துட்டாங்களே மாமா." குரலில் கோபமில்லை. "உங்க நெம்பர் நீக்கப்பட்டதுன்னு பேங்க்குல இருந்து வந்துச்சு. நான் அந்த ரூபாய்ல கண்ணு வெச்சிருக்கறன்னு நெனச்சுட்டாங்களாட்டக்குதுன்னு விட்டுட்டனுங்க."

"அது நான் பண்ணுன வேலைப்பா. அவங்களுக்கு அப்படி ஒரு நெனப்பே கெடையாது."

"ஓ."

"இப்பக் கூப்புடேன். அவங்ககிட்டயே போன் இருக்குது. நெம்பர் தர்றேன்."

"கூப்புட்டு என்னன்னு சொல்றதுங்க மாமா? முந்தியாச்சும் பணம் வந்துதுன்னு சொல்லலாம்."

எதிர்வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் பனியனின் கழுத்தோரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீயே ஒருக்காக் கூப்புட்டா என்ன அம்மிணி? நெம்பர்தான் மனப்பாடமாத் தெரியுமே" என்றேன்.

"சும்மாக் கூப்புட்டு என்னங்க சொல்றது?" என்றார். இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். பிறகு கத்தரியைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்ண்ணா. பழையபடி அவன் நெம்பரையே போட்ருங்க."

எனக்குத் தெரிந்து அவர் யாரிடமாவது கேட்டுப் பெற்ற உதவி அது ஒன்றுதான்.

பஸ் நிறுத்தத்துப் பக்கத்தில் வங்கிச் சேவை மையம் என்று ஒரு சின்னக் கடை. மடிக்கணினியும் விரல் வைக்கும் கருவியுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்தாள். "எல்லாரும் பையன் நெம்பர எடுங்கன்னு வர்றாங்க, நீங்க போடச் சொல்றீங்க" என்றாள். எண்ணைத் தட்டினாள். "அந்தப் போனுக்கு ஒரு ஓடிபி போகும். ஆறு எண்ணு. அஞ்சு நிமிசத்துக்குள்ள கேட்டுச் சொல்லுங்கம்மா."

அவர் எண்களைச் சொல்ல, நான் அவருடைய போனில் அழுத்திக் கொடுத்தேன். பொத்தான் போன், உள்ளிருந்து வரும் குரல் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

"ஹலோ, ஆருங்க?"

"நாந்தான்."

பின்னால் தேங்காய் மட்டை உரிக்கும் சத்தம் கேட்டது. "அம்மாவா? என்னம்மா, ஒடம்புக்கு ஏதாச்சும்..."

"ஒண்ணுமில்ல. உன்ற போனுக்கு ஒரு நெம்பரு வந்திருக்குமாம். அதச் சொல்லு."

"இரு... வந்திருக்குது. இதைய ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குதேம்மா."

"நான் ஆரோவா?"

மகன் சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். "நாலு... ஒம்பது... ரெண்டு... ரெண்டு... ஏழு... ஒண்ணு."

"மறுக்காச் சொல்லு."

அவர் மறுபடி சொன்னார்.

"என்னங்கம்மா, சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண், விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"இரு கண்ணு, கேட்டுட்டிருக்கறன்." போனில்: "மெதுவாச் சொல்லு. புள்ள எங்க? பக்கத்துல என்ன சத்தம், அழுவுதா?... மறுக்காச் சொல்லு."

எனக்கு அந்த ஆறு எண்ணும் முதல் தடவையே கேட்டுவிட்டது. எண்களைக் கேட்டு எழுதுவதுதான் முப்பத்தைந்து வருடமாக என் பிழைப்பு. சட்டைப் பையில் பேனாவும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து நிமிடம் கடந்தது. "போச்சு, காலாவதி ஆயிருச்சு" என்று அந்தப் பெண் மறுபடி அனுப்பினாள். புது எண் வந்தது. மகன் படித்தார். "மறுக்கா" என்றார் அம்மா. நடுவே, மழை பெய்ததா, களத்தில் கூலி எவ்வளவு, அவளுக்குப் பிரசவத்தில் போன ரத்தம் ஊறிவிட்டதா என்று கேள்விகள். மருமகளைப் பற்றி அவர் வாய் விட்டுக் கேட்டது அன்றுதான். பின்னால் நின்ற ஒருவர், "ஏனுங்க, அந்தம்மாவுக்குக் காது மந்தமுங்களா? நீங்களாச்சும் வாங்கிக் கேளுங்க" என்றார். "தறிக் காதுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றேன். இரண்டாவதும் காலாவதியானது. மூன்றாவது தடவை அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா, இதுதான் கடைசி. இதுக்கு மேல அனுப்புனா லாக் ஆயிரும். நாளைக்குத்தான் வரணும்."

அவர் போனைக் காதில் வைத்தபடியே, மகன் சொல்லி முடித்த அடுத்த கணம், ஆறு எண்களையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். அவள் தட்டினாள். "ஆயிருச்சு" என்றாள்.

"ஆயிருச்சாமா. செரி, பதினஞ்சாந் தேதி கூப்புடு" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனை முந்தானையில் முடிந்துகொண்டார்.

திரும்பி நடந்து வந்தோம். முட்டி காரணமாக மெதுவாகத்தான் நடப்பார். கரட்டு மேட்டைத் தாண்டியதும், யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல் சொல்லத் தொடங்கினார்.

"மொதல்ல வந்ததுங்க, நாலு ஒம்பது ரெண்டு ரெண்டு ஏழு ஒண்ணு. ரெண்டாவது, எட்டு சைபர் மூணு அஞ்சு அஞ்சு ஆறு. மூணாவது, ரெண்டு ஒண்ணு ஏழு நாலு ஒம்பது சைபர்."

ஒன்றும் பிசகவில்லை. மூன்றும் எனக்கும் நினைவிருந்தன.

"மறுக்காச் சொல்லு அம்மிணி" என்றேன்.

அவர் நின்றார். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, காது கேக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.